கூச்சலிட்டவர்களுக்கு, கூச்சலிட்டவன் எழுதுவது

அன்புள்ள கால்பந்து ரசிகர்களுக்கு,

பிரேசில் வீரர் ஜோலிண்டனிலிருந்து தொடங்குகிறேன். என் கணக்கில் இருக்கும் மன்னிப்புக் கடன்களில் பெரியது அதுதான்.

2019 கோடையில் இங்கிலாந்தின் நியூகாசில் யுனைடெட் அவரை ஜெர்மனியின் ஹோஃபன்ஹைம் அணியிடமிருந்து சுமார் 40 மில்லியன் பவுண்டுக்கு வாங்கியது. அந்தக் கழகம் அதுவரை எந்த வீரருக்கும் அவ்வளவு கொடுத்ததில்லை. கழகத்தின் கோல் நாயகன் ஆலன் ஷியரர் அணிந்த, கோல் அடிப்பவருக்கென்றே இருக்கும் 9ஆம் எண் சட்டையையும் தூக்கிக் கொடுத்தார்கள். முதல் சீசனில் 38 லீக் ஆட்டங்கள், 2 கோல்கள். பந்து அவர் காலை நோக்கி வரும்போதே நான் பெருமூச்சு விட்டுவிடுவேன். "இவனை எந்தக் கண்ணால் பார்த்து வாங்கினார்கள்?" என்று சீசன் முழுவதும் கேட்டேன். நீங்களும் கேட்டீர்கள், மறுக்காதீர்கள். மோசமான கொள்முதல்களைப் பட்டியல் போடும்போது அவர் பெயரை எழுதிவிட்டுத்தான் மற்றவர்களை யோசிக்கத் தொடங்கினோம்.

2021 நவம்பர் கடைசியில் நார்விச்சுக்கு எதிரான ஆட்டம். பத்து நிமிடம்கூட ஆகாத நிலையில் நியூகாசிலின் தடுப்பாட்டக்காரர் ஒருவர் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். பத்துப் பேரை வைத்துச் சமாளிக்க வேண்டிய நெருக்கடியில், புதிதாக வந்திருந்த பயிற்சியாளர் எட்டி ஹவ் ஜோலிண்டனை நடுக்களத்துக்கு இறக்கினார். அன்று அந்த மனிதர் ஓடிய ஓட்டத்தையும், மோதிப் பந்தைப் பறித்த விதத்தையும் பார்த்துக்கொண்டு நான் வாயடைத்து உட்கார்ந்திருந்தேன். அந்த சீசன் முடிந்தபோது கழகத்தின் சிறந்த வீரர் விருது அவருக்குத்தான் கிடைத்தது. 2023இல் பிரேசில் அணிக்கு ஆடினார், முதல் ஆட்டத்திலேயே கோலும் அடித்தார். 2025 மார்ச்சில் வெம்ப்ளியில் லிவர்பூலை வென்று லீக் கோப்பையை எடுத்த நடுக்களத்தில் அவர் இருந்தார். 1955க்குப் பிறகு நியூகாசில் வென்ற முதல் பெரிய உள்நாட்டுக் கோப்பை அது.

இந்தக் கதையை நாம் "அவர் மாறிவிட்டார்" என்று சொல்லிக்கொள்கிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அதே கால்கள், அதே தோள்கள், அதே மூச்சு. மாறியது ஆடுகளத்தில் அவர் நின்ற இடம். ஹோஃபன்ஹைமில்கூட அவர் கோல்களைக் குவித்தவர் இல்லை. எதிரணியை நெருக்குவது, மோதுவது, பந்தைக் காத்துப் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுப்பது ஆகியவைதான் அவர் வேலையாக இருந்தன. அதைத் தேடிப் பார்க்க ஒருநாள் மாலை போதும். 9ஆம் எண்ணையும் 40 மில்லியனையும் பார்த்த எனக்கு அதற்கு நேரம் இருக்கவில்லை. திட்டுவதற்கு மட்டும் நேரம் இருந்தது.

நம் மொழியில் இந்தத் துரோகம் இன்னும் அப்பட்டமாகத் தெரியும். பந்து வெளியே போனால் "அவன்". கோலுக்குள் போனால் "அவர்". நான்கு கோல் தொடர்ந்து விழுந்தால் "எங்கள்" என்ற அடைமொழியும் சேர்ந்துவிடும். ஒரே வாய், ஒரே நாற்காலி, ஒரே வீரர், விகுதி மட்டும் வேறு. அந்த விகுதி மாறும் கணத்தில் யாராவது நம்மை நிறுத்தி, "போன மாதம் என்ன சொன்னாய்?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வோம்? "நான் அப்போதே சொன்னேன், இவர் தேறுவார் என்று." இந்தப் பொய்யை நான் இரண்டு முறையாவது சொல்லியிருக்கிறேன்.

காரெத் பேல் நினைவிருக்கிறதா? 2007இல் டாட்டன்ஹாமுக்கு வந்தார். அவர் களமிறங்கிய பிரீமியர் லீக் ஆட்டங்களில் 24ஐ அணி தொடர்ச்சியாக வெல்லவே இல்லை. உடனே அவர் ராசியில்லாத ஆளாகிவிட்டார். பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன் ஒருவனின் தலையில் பதினோரு பேரின் தோல்வியையும் ஏற்றி வைத்தோம். 2009 செப்டம்பரில் பர்ன்லியை 5-0 என்று வென்ற ஆட்டத்தில் மாற்று வீரராக இறங்கிய பிறகுதான் அந்தப் பீடை கழிந்தது. அடுத்த ஆண்டே மிலான் நகரில் இன்டர் அணிக்கு எதிராக ஹாட்ரிக். தொண்ணூறு நிமிடம் பந்து உருளும் விளையாட்டில் ராசி பார்க்கும் நாம்தான் மறுநாள் உத்திகளைப் பற்றி வாய்கிழியப் பேசுகிறோம்.

லூகா மோட்ரிச்சை 2012இன் இறுதியில் ஸ்பெயினின் மார்கா நாளிதழ் வாசகர்கள் அந்த ஆண்டின் மிக மோசமான கொள்முதலாக வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். ரியல் மாட்ரிட்டுக்கு அவர் வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. பிறகு ஐரோப்பியக் கழகங்களுக்கான சாம்பியன்ஸ் லீக் கோப்பைகள் ஆறு, 2018இல் உலகின் சிறந்த வீரருக்கான பாலன் டி'ஓர் விருது. இதற்கு மேல் நான் எதுவும் சேர்க்க வேண்டியதில்லை.

ஜோர்டன் ஹெண்டர்சனைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே நாம் செய்த தவறு வேறு வகை. 2011இல் சண்டர்லாந்திலிருந்து லிவர்பூலுக்கு வந்தவரை மறு ஆண்டே ஃபுல்ஹாமுக்குக் கொடுத்துவிட்டு கிளின்ட் டெம்ப்சியை எடுத்துக்கொள்ளும் யோசனை கழகத்திடம் இருந்தது. அவர் போக மறுத்தார். அறைக்குத் திரும்பி அழுததாகப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். "பக்கவாட்டில் பாஸ் கொடுப்பவன்" என்பதுதான் அவருக்கு நாம் வைத்த பெயர். 2014 ஏப்ரலில், பட்டத்தை நெருங்கிக்கொண்டிருந்த லிவர்பூலின் ஆட்டத்தில் அவருக்குச் சிவப்பு அட்டை கிடைத்து மூன்று ஆட்டங்கள் தடையானது. அந்த மூன்றில் ஒன்றில் அணி செல்சியிடம் தோற்றது. இன்னொன்றில் கிரிஸ்டல் பேலஸுக்கு எதிராக 3-0 என்று முன்னிலையில் இருந்துவிட்டு 3-3 என்று முடித்தது. பட்டம் கைநழுவியது. அவர் இருந்திருந்தால் வென்றிருப்பார்கள் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பதை அந்த மூன்று வாரங்களில்தான் உணர்ந்தேன். ஓடிப்போய் இடத்தை அடைப்பதும், தவறு செய்த சக வீரருக்குப் பின்னால் போய் நிற்பதும் கோல் தொகுப்புக் காட்சிகளில் வருவதில்லை. நாம் பார்த்தது தொகுப்புகளை. 2019இல் சாம்பியன்ஸ் லீக் கோப்பையையும், 2020இல் முப்பதாண்டுக் காத்திருப்புக்குப் பிறகு இங்கிலாந்து லீக் பட்டத்துக்கான கோப்பையையும் உயர்த்திய கேப்டன் அவர்தான்.

இங்கே உங்களில் சிலர் ஒரு வாதத்தை எடுப்பீர்கள், எனக்குத் தெரியும். பயிற்சியாளர்களே தவறும்போது ரசிகன் தவறினால் என்ன? 2014 ஜனவரியில் செல்சி கெவின் டி பிரெய்னாவை வோல்ஃப்ஸ்பர்க்குக்கு விற்றது, அதே மாதத்தில் முகமது சாலாவை வாங்கியது, பிறகு சாலாவையும் போகவிட்டது. ஒருவர் மான்செஸ்டர் சிட்டியில் ஆறு லீக் பட்டங்கள் வென்றார். மற்றவர் லிவர்பூலில் தன் முதல் லீக் சீசனிலேயே 32 கோல் அடித்தார். தினமும் பயிற்சியில் அருகில் நின்று பார்த்தவர்களுக்கே தெரியவில்லை என்றால் நமக்கு எப்படித் தெரியும்?

சரியான கேள்வி. கணிப்புத் தவறியதற்காக நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை. கணிக்காமல் ஆட்டம் பார்க்க முடியாது, அதில் பாதி இன்பமே அதுதான். ஆனால் அந்தப் பயிற்சியாளர்கள் ஒருவரை விற்றார்கள், அவ்வளவுதான். நாம் செய்தது வேறு. கிரானிட் ஷாக்காவுக்கு நடந்ததை எண்ணிப் பாருங்கள். 2019 அக்டோபர் 27. ஆர்சனலின் கேப்டன் அவர். கிரிஸ்டல் பேலஸுக்கு எதிராக ஆட்டம் 2-2 என்று இருக்கும்போது மாற்றப்பட்டார். சொந்த மைதானமே அவரைப் பார்த்துக் கூச்சலிட்டது. அவர் காதருகே கையை வைத்துக் காட்டி, சட்டையைக் கழற்றிக்கொண்டே உள்ளே போனார். தன் மனைவிக்கும் கைக்குழந்தைக்கும் எதிராக வந்த செய்திகள் எப்படிப்பட்டவை என்பதைச் சில நாட்கள் கழித்து அவர் எழுதினார். அந்த வார்த்தைகளை இங்கே திரும்ப எழுதக் கை வரவில்லை. கேப்டன் பதவி பறிபோனது. நான் அப்போது, "நல்லதுதான், போகட்டும்" என்றேன். அந்தச் செய்திகளை நான் அனுப்பவில்லை. ஆனால் அனுப்பியவர்கள் நின்ற அதே கூட்டத்தில்தான் நின்றேன், அவர்களைப் பார்த்து ஒரு சொல்லும் சொல்லவில்லை.

2023 மே மாதம், ஆர்சனலில் அவருடைய கடைசி ஆட்டம். இரண்டு கோல் அடித்தார். போகாதே என்று அதே மைதானம் பாடியது. மறு ஆண்டு, அவர் போய்ச் சேர்ந்த பேயர் லெவர்குசன் ஒரு லீக் ஆட்டத்திலும் தோற்காமல் ஜெர்மன் பட்டம் வென்றபோது நடுக்களத்தை இயக்கியவர் அவர்தான். பாட்டைக் கேட்டு எனக்கும் தொண்டை அடைத்தது. ஆனால் அந்தப் பாட்டில் "மன்னித்துவிடு" என்ற சொல் எங்கேயும் இல்லை.

ஆங்கேல் டி மரியாவின் கதையும் அப்படித்தான். 2014 உலகக் கோப்பை இறுதியில் காயத்தால் ஆட முடியவில்லை. 2015 கோப்பா அமெரிக்கா இறுதியில் முதல் பாதியிலேயே காயத்துடன் வெளியேறினார். 2016 இறுதியிலும் பாதி ஆட்டத்தில் மாற்றப்பட்டார். இறுதி என்றால் இவன் உடம்பு ஒத்துழைக்காது என்று அர்ஜென்டினா ரசிகர்கள் கேலி செய்தார்கள். 2008 ஒலிம்பிக் இறுதியின் ஒரே கோலை அடித்தவர் இவர்தான் என்பது எல்லோருக்கும் வசதியாக மறந்துபோயிருந்தது. பிறகு 2021 கோப்பா அமெரிக்கா இறுதியில், மரக்கானாவில் பிரேசிலுக்கு எதிராக ஒரே கோல். 2022இல் வெம்ப்ளியில் இத்தாலிக்கு எதிராக ஒன்று. அதே ஆண்டு டிசம்பரில் லுசைலில் உலகக் கோப்பை இறுதியில் பிரான்சுக்கு எதிராக இன்னொன்று. அடித்துவிட்டு அழுதுகொண்டே ஓடினார். அந்தக் கண்ணீரில் நம் கேலிக்கும் ஒரு பங்கு இருந்தது என்றுதான் எனக்குத் தோன்றியது.

இதுவரை நான் எழுதிய பெயர்களைத் திரும்பப் பாருங்கள். எல்லோரும் வென்றவர்கள். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவரிடம் "உன்னைத் தவறாக எடைபோட்டுவிட்டேன்" என்று சொல்வதில் நமக்கு ஒரு செலவும் இல்லை. அது ஒருவகையில் கொண்டாட்டத்தின் பகுதி. அவர் நம்மைப் பொய்யாக்கியதால் நாம் மகிழ்கிறோம், பிறகு கணக்கு தீர்ந்ததாக எண்ணிக்கொள்கிறோம்.

ஆந்த்ரே கோமெஸை எங்கே வைப்பது? 2016இல் பார்சிலோனாவுக்குப் போன போர்த்துக்கீசிய நடுக்கள வீரர். தடுமாறினார், கூச்சல் எழுந்தது, மேலும் தடுமாறினார். 2018 மார்ச்சில் ஒரு நேர்காணலில், ஆடுவது தனக்கு நரகம் போலாகிவிட்டதாகவும், வெட்கத்தால் வீட்டைவிட்டு வெளியே போகவே தயங்குவதாகவும் சொன்னார். அதன் பிறகு அவர் களமிறங்கியபோது காம்ப் நோ மைதானம் கைதட்டியது. அந்தக் கைதட்டலை நான் மதிக்கிறேன். ஆனாலும் அவர் அங்கே தேறவில்லை, அந்தக் கோடையிலேயே எவர்ட்டனுக்குப் போய்விட்டார். கடைசியில் பார்சிலோனாவுக்குப் போதுமான வீரராக அவர் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் அவரைப் பற்றிய நம் கணிப்பு சரி. கணிப்பு சரியாக இருந்ததால் நாம் செய்ததும் சரியாகிவிடுமா?

எதிர்த்திசையிலும் இதே பிழையைச் செய்திருக்கிறோம். போஜான் கிர்கிச்சை 17 வயதில் அடுத்த மெஸ்ஸி என்று தூக்கி வைத்தோம். 2008இல் ஸ்பெயின் வென்ற ஐரோப்பியக் கோப்பைத் தொடருக்கு அவர் போகவில்லை. மனப்பதற்றம்தான் காரணம் என்பதைப் பத்தாண்டுகள் கழித்து அவர் விரிவாகச் சொன்னார். அதற்குப் பிறகும் அவரை நாம் "ஏமாற்றிவிட்டவர்" என்றுதான் குறிப்பிடுகிறோம். அவர் யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தார்? வாக்குக் கொடுத்தது நாம்தானே.

நான் பின்தொடரும் அணியில் இப்போது ஒருவர் இருக்கிறார். பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் அவரைச் சுற்றி இன்னொரு விவாதம் கிளம்பும். பந்தை முதல் தொடுதலில் கட்டுப்படுத்த முடியாமல் தவிக்கிறார். சென்ற வாரம் காலியான கோலுக்கு முன்னால் நின்று வெளியே அடித்தார். எழுந்து நின்று கத்தினேன், வழக்கம்போல "அவன்" என்ற விகுதியோடுதான். அவர் ஜோலிண்டனைப் போல வேறோர் இடத்தில் மலர்வாரா என்று எனக்குத் தெரியாது. மலராமலே போகலாம், அடுத்த கோடையில் விற்கப்படலாம், அதன் பிறகு அவர் பெயரே நம் நினைவில் இல்லாமல் போகலாம். அதனால்தான் இப்போதே எழுதுகிறேன், அவர் ஒரு கோலும் அடிக்காமல் இருக்கும்போதே: சென்ற வாரம் நான் கத்தியதற்கு வருந்துகிறேன்.

இப்படிக்கு,
மூன்றாவது வரிசையிலிருந்து கத்தியவன்