டைட்டானிக்கின் பாடம் உள்ளூர் ஃபெர்ரியில் ஏறுவது எப்போது? சர்வதேச கடல்சார் அமைப்புக்கு ஒரு திறந்த மடல்

லண்டனில் தேம்ஸ் கரையில் கூடிப் பேசும் கடல் பாதுகாப்புக் குழுவினருக்கு,

வணக்கம். ஏப்ரல் வந்தால் உலகமே டைட்டானிக்கைப் பற்றிப் பேசுகிறது. பனிப்பாறை, இசைக்குழு, மூழ்கவே மூழ்காது என்ற பெருமை, எல்லாம் எல்லாருக்கும் மனப்பாடம். எனக்கு அந்தக் கதையில் இன்றும் ஆறாத விஷயம் ஒன்றுதான்: அது சட்டப்படி சரியாக இருந்த கப்பல். 1894இல் பிரிட்டிஷ் வர்த்தக வாரியம் போட்ட விதி, 10,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பலுக்கு 16 உயிர்காப்புப் படகுகள் இருந்தால் போதும் என்றது. டைட்டானிக்கோ 46,000 டன். 20 படகுகள் வைத்திருந்தார்கள், அதாவது விதி கேட்டதற்கும் மேலேயே. எல்லாவற்றையும் கூட்டினால் 1,178 பேருக்கு இடம், ஆனால் கப்பலில் இருந்தவர்கள் ஏறக்குறைய 2,200 பேர். விதி டன்னைப் பார்த்தது, தலையை எண்ணவில்லை.

சுமார் 1,500 பேர் செத்த பிறகுதான் எண்ண ஆரம்பித்தார்கள். 1914 ஜனவரியில் உங்கள் லண்டனிலேயே நாடுகள் கூடி கடலில் உயிர்களைக் காப்பதற்கான முதல் சோலாஸ் உடன்படிக்கையை எழுதின. கப்பலில் உள்ள ஒவ்வொருவருக்கும் படகில் இடம், படகுப் பயிற்சி, பனிப்பாறை ரோந்து, அப்புறம் இரவு பகலாக வானொலிக் காவல். கடைசியாகச் சொன்னது ஏன் வந்தது என்பதும் தெரிந்ததுதான்: பக்கத்தில் நின்ற கலிஃபோர்னியன் கப்பலில் இருந்த ஒரே வானொலி இயக்குநர், டைட்டானிக் மோதுவதற்குச் சற்று முன்பு தூங்கப் போய்விட்டார். உலகப் போர் வந்ததால் அந்த உடன்படிக்கை அப்படியே நடைமுறைக்கு வரவில்லை என்றாலும், பிறகு திருத்தித் திருத்தி, இன்று கையில் இருக்கும் 1974ஆம் ஆண்டு சோலாஸ் வரை வந்துவிட்டோம். நல்ல வேலை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சந்தேகம் வேறு இடத்தில். சோலாஸ் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போகும் கப்பலுக்குத்தான். ஒரே நாட்டுக்குள் ஒரு துறைமுகத்திலிருந்து இன்னொன்றுக்குப் போனால் அது உள்நாட்டு விவகாரம், அந்த நாடு பார்த்துக்கொள்ளும். பார்த்துக்கொண்ட லட்சணத்தைப் பாருங்கள்.

2002 செப்டம்பர் 26, செனகல் நாட்டின் லே ஜூலா. அரசே, அதிலும் ராணுவத்தை வைத்தே ஓட்டிய ஃபெர்ரி. 600 பேருக்கும் குறைவாக ஏற்ற வேண்டிய கப்பலில் 1,900 பேர் வரை இருந்தார்கள். இரவு, புயல் காற்று, சில நிமிடங்களில் கவிழ்ந்தது. 1,800க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பிழைத்தவர்கள் 64 பேர். அரசின் மீட்புக் குழு வந்தது மறுநாள் காலையில், அதற்குள் அங்கிருந்த மீனவர்கள்தான் கைக்கு எட்டியவர்களைத் தூக்கியிருந்தார்கள். 1912இலேயே நள்ளிரவில் டைட்டானிக்கின் அபாயச் செய்தி கேட்டு கார்பாத்தியா என்ற கப்பல் விடிவதற்குள் உதவிக்கு வந்து சேர்ந்தது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். டைட்டானிக்கைவிட அதிகம் பேரைக் கொன்ற விபத்து இது. எத்தனை பேருக்கு இந்தப் பெயராவது தெரியும்?

அதற்கும் முன்னால், 1987 டிசம்பர் 20, கிறிஸ்துமஸ் நெருக்கத்தில் பிலிப்பைன்சின் டோன்யா பாஸ் என்ற பயணிகள் கப்பல். டாக்லோபானிலிருந்து மணிலா போகும் வழியில் எண்ணெய் ஏற்றிய வெக்டர் என்ற கப்பலோடு மோதியது, கடலே பற்றி எரிந்தது. அனுமதித்த எண்ணிக்கை 1,518. இறந்தவர்கள் 4,300க்கும் மேல் என்று பின்னர் கணக்கிட்டார்கள். இரண்டு கப்பலிலும் சேர்த்துப் பிழைத்தவர்கள் 26 பேர்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள், நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். டோன்யா பாஸ் 1963இல் ஜப்பானில் ஹிமேயூரி மாரு என்ற பெயரில் கட்டப்பட்டது. அங்கே ஓடியபோது அதில் ஏற்ற அனுமதி 608 பேருக்கு. 1975இல் விற்கப்பட்டு பிலிப்பைன்ஸ் வந்ததும் அதே கப்பலில் 1,518 பேர் ஏறலாம் என்று ஆகிவிட்டது! தென்கொரியாவின் செவோல் கதையும் அதேதான். 1994இல் ஜப்பானில் கட்டி, அங்கே ஓடி முடித்து, 2012இல் விற்ற கப்பல். வாங்கியவர்கள் பழைய பஸ்ஸுக்கு மேல்மாடி கட்டுவது போல மேலே அறைகளைக் கட்டினார்கள், அதற்கு முறையாக அனுமதியும் கிடைத்தது. அடியில் கனம் சேர்க்க நிரப்ப வேண்டிய தண்ணீரைக் குறைத்துவிட்டு, அனுமதித்ததைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் சரக்கு ஏற்றி, அதையும் ஒழுங்காகக் கட்டாமல் ஓட்டினார்கள். 2014 ஏப்ரல் 16 அன்று ஒரு திருப்பத்தில் சாய்ந்தது. ‘இருந்த இடத்தை விட்டு நகராதீர்கள்’ என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள், கேப்டன் முதலில் மீட்கப்பட்டவர்களில் ஒருவர். 304 பேர் போனார்கள், அதில் 250 பேர் ஒரே பள்ளியின் மாணவர்கள்.

தென்கொரியா ஏழை நாடு இல்லை, உலகத்துக்கே கப்பல் கட்டித் தரும் நாடு. ஆகவே ‘வளரும் நாடுகளின் பிரச்சினை’ என்று இதை ஓரமாக வைக்க முடியாது.

உங்கள் பதில் எனக்குத் தெரியும்: இறையாண்மை, உறுப்பு நாடுகள் ஒப்புக்கொள்ள வேண்டும், நாங்கள் கட்டளை போடும் அமைப்பு இல்லை. நியாயம்தான். 2015இல் மணிலாவில் இதற்காகவே ஒரு மாநாடு கூட்டினீர்கள், 2022இல் உள்நாட்டு ஃபெர்ரிகளுக்கென்று மாதிரி விதிமுறைகளையும் உங்கள் குழுவே ஏற்றது. ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அவை மாதிரிதான், விரும்பினால் எடுத்துக்கொள்ளலாம், விரும்பாவிட்டால் விட்டுவிடலாம்.

சரி, உள்நாட்டுக் கடலுக்குள் நீங்கள் போக வேண்டாம். கப்பல் எல்லை தாண்டிக் கைமாறும் நேரத்தையாவது பிடியுங்கள். ஜப்பானிலிருந்து பிலிப்பைன்சுக்கு விற்பது உள்நாட்டு விவகாரம் இல்லையே. பழைய பயணிகள் கப்பல் இன்னொரு நாட்டின் பதிவுக்குப் போகும்போது, கட்டிய நாட்டில் எத்தனை பேருக்கு அனுமதி இருந்தது, கப்பல் எவ்வளவு சாய்ந்தால் திரும்ப நிமிரும் என்ற கணக்கு எல்லாம் அதோடு கட்டாயமாகப் போகட்டும். வாங்கியவர் எண்ணிக்கையைக் கூட்டினாலோ மேலே அறை கட்டினாலோ, புதிதாகச் சாய்வுச் சோதனை செய்து, அதன் முடிவை யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வைக்கட்டும். 608 எப்படி 1,518 ஆனது என்று ஒரு பத்திரிகையாளரோ டிக்கெட் எடுக்கும் பயணியோ கேட்க வழி இருக்க வேண்டும்.

இன்னொன்று, இதற்கு எந்த உடன்படிக்கையும் தேவையில்லை. 2016 முதல் உறுப்பு நாடுகளை நீங்கள் கட்டாயமாகத் தணிக்கை செய்கிறீர்கள். அதோடு சேர்த்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 2022இன் மாதிரி விதிமுறைகளை உங்கள் சட்டத்தில் சேர்த்துவிட்டீர்களா, இல்லையா? பதில் சொன்ன நாடு எது, சொல்லாத நாடு எது என்று ஆண்டுதோறும் வெளியிடுங்கள். அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்க்க ஏதாவது ஓர் உறுப்பு நாடு முன்மொழிந்தால் போதும். எந்த நாடு முன்மொழியும், எது எதிர்க்கும் என்று பார்க்கக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஃபெர்ரியில் டிக்கெட் எடுத்து ஏறும் ஒரு சாதாரணப் பயணி