இரண்டு கடிதங்களிலும் ஒரே சம்பளம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம், நலமறிய ஆவல். பொங்கலுக்குப் பின் ஒரு வரிகூட எழுதாததற்கு நீ திட்டப்போவதையெல்லாம் வாங்கிக்கொண்டதாகவே வைத்துக்கொள்.

அக்கா மகனுக்கு, ஓராண்டு இழுத்தடித்த பிறகு, ஒரு மென்பொருள் நிறுவனத்திலிருந்து பணி நியமனக் கடிதம் வந்தது. ஆண்டுக்கு 3.25 லட்சம். எங்கேயோ பார்த்த எண்ணாக இருக்கிறதே என்று தகரப் பெட்டியைக் குடைந்து, 2010-இல் எனக்கு வந்த கடிதத்தை எடுத்தேன். ஓரமெல்லாம் கரையான் தின்றிருந்தாலும் தொகை அப்படியே இருந்தது: அதே 3.25 லட்சம். அன்று பவுன் பதினான்காயிரத்தை ஒட்டி விற்றதால் அந்தச் சம்பளத்துக்கு இருபது பவுனுக்கு மேல் வாங்கியிருக்கலாம். 2025-இலேயே பவுன் எழுபதாயிரத்தைத் தாண்டிவிட்டதால், மருமகனின் ஓராண்டு உழைப்புக்கு ஐந்து பவுன்கூடத் தேறாது. இந்தக் கணக்கை அக்காவிடம் சொல்லிவிட்டு நான் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

2006-இல் நாம் பொது நுழைவுத் தேர்வு எழுதிப் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தோம். மறு ஆண்டே அது ஒழிந்தது. (உன் மதிப்பெண்ணைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.) கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கதவு திறந்ததில் எனக்கு இன்றும் மகிழ்ச்சிதான். ஆனால் பொறியியல் கல்லூரிகள் ஐந்நூறைத் தாண்டிப் பெருகிய வேகத்தில் நல்ல வேலைகள் பெருகவில்லை. வேலை கொடுப்பவர் ஆளின் திறமையை நேரில் காண முடியாததால் பட்டத்தை ஓர் அடையாளமாகக் கொள்கிறார் என்று பொருளியல் அறிஞர் மைக்கேல் ஸ்பென்ஸ் 1973-இல் எழுதி, பின்னர் 2001-இல் நோபல் பரிசும் பெற்றார். நம்மை நேர்காணல் செய்தவர் இயந்திரவியலில் ஒரு கேள்விகூடக் கேட்காமல் எடுத்துக்கொண்டது நினைவிருக்கிறதா? எல்லார் கையிலும் அதே அடையாளம் இருக்கும்போது அதற்கு யார் கூடுதலாகக் கொடுப்பார்கள்?

மருமகன் காத்திருந்த வேளையில், 2024-இல், தமிழக அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வும் எழுதினான். பத்தாம் வகுப்புத் தகுதி போதுமான அந்தத் தேர்வில், முதலில் அறிவித்த 6,244 இடங்களுக்கு விண்ணப்பித்தவர்கள் இருபது லட்சத்துக்கும் மேல். சிரிக்காதே; இளநிலை உதவியாளரின் தொடக்க அடிப்படை ஊதியமான 19,500 ரூபாயோடு அகவிலைப்படியும் சேர்ந்தால், இவன் மாதந்தோறும் கையில் வாங்கப்போவதை அது மிஞ்சிவிடும்.

அதற்காகப் பட்டமே வீண் என்று சொல்ல என் நாக்கு எழவில்லை. கரும்பு வெட்டப் போனவரின் மகனான நம் கூட்டாளி நெட்டை, முதல் மூன்று மாதச் சம்பளத்தில் கூரையை எடுத்துவிட்டு ஓடு போட்டதை நாம் நேரில் போய்ப் பார்த்தோம். அவனுக்கும் உனக்கும் ஒரே பட்டம்தான். ஆனால் ஆங்கிலம் பேசிய வீடும், பெங்களூரில் ஒரு மாமாவும் உனக்கு இருந்தனர். அவன் ஐந்தாண்டு கழித்து எட்டிய இடத்துக்கு நீ இரண்டே ஆண்டில் போனாய். நம்முடைய குடிக்கூட்டங்களில் இதை நாம் ஒருநாளும் பேசியதில்லை.

அக்காவின் சின்ன மகளுக்கு அடுத்த வாரம் பொறியியல் கலந்தாய்வு. கணினி அறிவியலா, மின்னியலா என்று அக்கா தினமும் கேட்கிறாள். நான் தினமும் காப்பி கேட்டுத் தப்பிக்கிறேன். ஆட்களை எடுக்கும் இடத்தில் இருப்பவன் நீ. ஞாயிறு காலை அவளைத் தொலைபேசியில் அழைத்துப் பேசு. நெட்டையையும் இணைப்பில் சேர்த்துக்கொள்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்