விருந்தாளிக்கு இளநீர் நீட்டும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஹவுரா பக்கமிருந்து வரும் ரயில் காட்பாடியில் நின்றதும் கையில் ஃபைலும் ஸ்கேன் கவருமாக இறங்குகிறவர்களை வேலூர்க்காரர்கள் தினமும் பார்க்கிறோம். 1900-ல் அமெரிக்க டாக்டர் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய சி.எம்.சி. மருத்துவமனையை நம்பி மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், அசாம், வங்கதேசத்திலிருந்தெல்லாம் வருகிறார்கள். லாட்ஜ் வாடகை கட்டுப்படியாகாதவர்களுக்குக் கிறிஸ்தவ சபைக் குடும்பங்கள் சில வீட்டில் இடம் கொடுக்கின்றன. இன்னும் பல குடும்பங்கள் முன்வர வேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறோம். ஆனால் நோயாளியை உபசரிக்க நல்ல மனசு மட்டும் போதாது. விவரம் தெரியாமல் காட்டும் அன்பு சில நேரம் ஆபத்தாகவே முடியும்.

இளநீரையே எடுத்துக்கொள்வோம். வேலூர் வெயிலில் வந்தவருக்கு முதலில் நீட்டத் தோன்றுவது அதுதான். சிறுநீரகம் செயலிழந்தவருக்கோ அதைக் கொடுக்கவே கூடாது. இளநீரில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் அதை வெளியேற்றாதபோது ரத்தத்தில் ஏறி இதயத் துடிப்பையே நிறுத்திவிடக்கூடும். வாழைப்பழமும் ஆரஞ்சு ஜூஸும் இதே வகை. சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதை உடம்புக்கு நல்லதென்று வாங்கிப் போட்டுவிடாதீர்கள். அவற்றில் பெரும்பாலும் சோடியத்துக்குப் பதிலாகச் சேர்ப்பது பொட்டாசியம்தான். வங்காளிகளுக்கு உருளைக்கிழங்கு இல்லாமல் சாப்பாடு இறங்காது. தோல் சீவி, சிறு துண்டுகளாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைத்தால் பொட்டாசியம் நன்றாகக் குறையும். அப்படியும் எவ்வளவு சாப்பிடலாம் என்பதற்கு மருத்துவமனையில் எழுதிக் கொடுத்த உணவுத் தாள்தான் கணக்கு. டயாலிசிஸ் செய்துகொள்பவருக்குத் தண்ணீருக்கும் அளவு உண்டு. பலருக்கு நாள் முழுதும் சேர்த்தே ஒரு லிட்டர்தான். காபி, மோர், ரசம், கஞ்சி எல்லாம் அதில் அடக்கம். டாக்டர் சொன்ன அளவுத் தண்ணீரைக் காலையில் ஒரு பாட்டிலில் பிடித்து வையுங்கள். அவர் ஒரு டம்ளர் மோர் குடித்தால் பாட்டிலிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். மீதி எவ்வளவு என்பது அவருக்கே கண்ணுக்குத் தெரியும்.

புற்றுநோய்க்குக் கீமோ எடுத்தவருக்கு அடுத்த ஒன்றிரண்டு வாரம் கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்கள் ரத்தத்தில் குறைந்திருக்கும். பச்சை வெங்காய சாலட், மேலே தூவும் கொத்தமல்லி, வெளியில் நறுக்கி விற்கும் பழம், நேற்றைய குழம்பு ஆகியவை வேண்டாம். காய்ச்சி ஆறிய தண்ணீர், அப்போது சமைத்த சூடான சாப்பாடு போதும். தாளிக்கும் வாசனை பலருக்குக் குமட்டும். சமையலறைக் கதவைச் சாத்திவிட்டுத் தாளியுங்கள். வீட்டில் யாருக்காவது சளி இருந்தால் அந்த வாரம் வேறு வீடு ஏற்பாடு செய்வதே நல்லது. வெறும் வயிற்றில் ரத்தப் பரிசோதனை இருக்கிற நாளில் காலைக் காபியை நீட்டாதீர்கள். மரியாதைக்காகக் குடித்துவிட்டு, பரிசோதனையைத் தள்ளிப்போட்டு, இன்னொரு நாள் காத்திருப்பார்கள்.

நம் புளிக்குழம்பும் சாம்பாரும் வங்காளிகளுக்கு ஓரிரு நாளுக்கு மேல் ஒத்துவராது. ஒரு கேஸ் அடுப்பு, இரண்டு பாத்திரம், அரை லிட்டர் கடுகு எண்ணெய் கொடுத்துவிட்டால் அவர்களே மீன் வாங்கிச் சமைத்துக்கொள்வார்கள். கடுகு எண்ணெயைப் புகை வரக் காய்ச்சித்தான் சமைப்பார்கள், வீடெல்லாம் வாசனை அடிக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். முகம் சுளிக்க வேண்டாம். முறுமுறுப்பில்லாமல் உபசரியுங்கள் என்று பேதுரு எழுதியதும் இப்படிப்பட்ட வீட்டுக்காரர்களை நினைத்துத்தான் என்று எங்களுக்குத் தோன்றும்.

இடுப்பு, முழங்கால் அறுவை முடிந்தவருக்குத் தரைப்பாயும் இந்தியக் கழிப்பறையும் உதவாது. கட்டில் முழங்கால் உயரம், அதாவது ஒன்றரை அடியாவது இருக்க வேண்டும். வெஸ்டர்ன் டாய்லெட் இல்லையென்றால் நடுவில் ஓட்டை உள்ள கம்மோடு நாற்காலியை வாடகைக்கு எடுக்கலாம். குளியலறைத் தரை ஈரமில்லாமலும், இரவில் விளக்கு எரிந்தபடியும் இருக்கட்டும். மாடி வீடு வேண்டாம்.

இப்போது மருத்துவமனையின் ராணிப்பேட்டை வளாகத்துக்கும் நோயாளிகளை வரச் சொல்கிறார்கள். அப்பாயின்ட்மென்ட் சீட்டில் எந்த வளாகம் என்று முதல் நாள் இரவே பார்த்துச் சொல்லிவிடுங்கள். வீட்டு முகவரியையும் போன் நம்பரையும் தமிழில் ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்தால் ஆட்டோக்காரரிடம் காட்டி வீடு திரும்புவார்கள். வங்கதேசத்தவர் தங்கினால், வீடாக இருந்தாலும், 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பாஸ்போர்ட், விசா விவரங்களை வந்த அன்றே வாங்கிக்கொள்ளுங்கள்.

ஜெபத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சாப்பாட்டுக்கு முன் நம் வழக்கப்படி சுருக்கமாக ஸ்தோத்திரம் செய்யலாம். குடும்ப ஜெபத்தில் உட்காரச் சொல்லி இந்துவையோ இஸ்லாமியரையோ கட்டாயப்படுத்தக் கூடாது. வேறு போக்கிடம் இல்லாதவர் மறுக்க முடியாமல் உட்கார்வார், அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது நியாயமில்லை. இஸ்லாமியருக்குத் தொழ ஒரு சுத்தமான விரிப்பும், மேற்கிலிருந்து சற்று வடக்கே என்று திசையும் காட்டிக்கொடுங்கள்.

பெரும்பாலான வீடுகளில் கசப்பு வருவது நாள் கணக்கில்தான். சிகிச்சை இழுத்துக்கொண்டே போகும். பத்தாம் நாள் வீட்டுக்காரர் முகம் மாறும். ஆதிச் சபையின் திதாகே என்ற போதனை நூலே வழிப்போக்கருக்கு இரண்டு, தேவைப்பட்டால் மூன்று நாள் என்று வரம்பு சொல்கிறது. முதல் நாளே மூன்று இரவு என்று சொல்லி, பிறகு தேவையைப் பார்த்து நீட்டுங்கள். கிளம்பும்போது பணம் நீட்டினால் வாங்க வேண்டாம். தங்கியிருக்கும்போது காய் நறுக்கித் தருகிறேன் என்று வந்தால் மட்டும் மறுக்காதீர்கள். சும்மா உட்கார்ந்து சாப்பிடுவது அவர்களுக்குப் பாரமாக இருக்கும்.

வேலூர், காட்பாடி, சத்துவாச்சாரி, பாகாயம் சபைகளின் குருவானவர்களையும் கமிட்டியாரையும் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். சபை அலுவலகத்தில் ஒரு நோட்டு வையுங்கள். இடம் கொடுக்கும் வீடு, தரைத்தளமா, வாசலில் எத்தனை படி, என்ன டாய்லெட், இந்தியோ வங்காளமோ பேசுவோர் உண்டா, எந்த மாதங்களில் முடியும் என்று எழுதி, மாதத்தில் ஒரு ஞாயிறு ஆராதனை அறிவிப்பில் புதுப் பெயர்களைக் கேளுங்கள்.

இப்படிக்கு,
சபைப் பெண்கள் ஐக்கியத்தினர் சிலர்,
வேலூர்.