பி புளோக் மின்தூக்கிகள்: பதில் வராத மனுக்களுக்குப் பின் இன்னொரு மனு

அனுப்புநர்:
பி புளோக் குடியிருப்பாளர்கள்,
மலிவு விலை அடுக்குமாடிக் குடியிருப்பு,
ஆயர் ஈத்தாம், பினாங்கு.

பெறுநர்:
உயர்திரு வீடமைப்புப் பிரிவு அதிகாரி அவர்கள்.

பொருள்: பழுதடைந்த இரு மின்தூக்கிகளையும் உடனடியாகச் சரிசெய்து தரக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் குடியிருப்பு எங்கே இருக்கிறது என்று தங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. முன்பு ஒருமுறை நேரில் வந்து, கீழ்த்தளத்தில் நின்று பார்த்துவிட்டுப் போனீர்கள். மேலே ஏறவில்லை, அன்றும் மின்தூக்கி ஓடவில்லை.

அதன் பிறகு கொடுத்த மனுக்களுக்கு ஒரு வரிப் பதிலும் வரவில்லை. முகப்பிடத்தில் முத்திரை குத்தித் தந்த நகல்கள் எங்களிடம் பத்திரமாக உள்ளன. ஆகவே, பின்வரும் விவரங்களை மீண்டும் பணிவுடன் தங்கள் பார்வைக்கு வைக்கிறோம்.

1. இரண்டு மின்தூக்கிகளில் ஒன்று கடந்த தீபாவளிக்கு முன்பே நின்றுபோனது. மற்றொன்று தைப்பூசம் வரை தள்ளாடி ஓடி, பிறகு அதுவும் நின்றுவிட்டது. கட்டடத்துக்குப் பதினைந்து மாடிகள்.

2. பராமரிப்புக் கட்டணத்தில் பாக்கி இருக்கிறது என்று தங்கள் அலுவலகத்தில் சொன்னார்கள். உண்மைதான், சில வீடுகளில் பாக்கி உண்டு. மாநில அரசின் 80 விழுக்காட்டுப் பராமரிப்பு நிதிக்கு விண்ணப்பிக்கச் சொன்னார்கள், விண்ணப்பித்தோம். மீதி 20 விழுக்காட்டை நாங்கள் திரட்ட வேண்டும் என்றார்கள்; திரட்டினோம். வீடு ஒன்றுக்கு 25,000 வெள்ளி (ரிங்கிட்) உச்சவிலை என்றிருந்த காலத்தில் கட்டிய கட்டடம் இது. இங்கே இருப்பவர்கள் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் இரவு வேலை பார்ப்பவர்கள், துப்புரவுப் பணியாளர்கள், பாதுகாவலர்கள், ஓய்வூதியம் என்ற ஒன்றையே காணாத முதியவர்கள். ஐம்பதும் நூறுமாகக் கொடுத்த பணம் வங்கியில் கிடக்கிறது. ஒப்புதல் கடிதம் வரவில்லை என்கிறார் மின்தூக்கியைப் பழுதுபார்க்க வேண்டிய குத்தகையாளர். குத்தகையாளர் மதிப்பீடு கொடுக்கவில்லை என்கிறது தங்கள் அலுவலகம். இருவரில் யார் சொல்வது சரி என்று கண்டுபிடிப்பதும் எங்கள் வேலைதானா?

3. பதின்மூன்றாம் மாடியில் ஓர் அம்மா இருக்கிறார். இரண்டு சிறுநீரகமும் செயலிழந்தவர். வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் ரத்தச் சுத்திகரிப்பு. தவறவிட்டால் உடம்பில் நீர் கோத்து மூச்சு முட்டும். காலை ஆறரைக்கு மையத்தில் இருக்க வேண்டும் என்பதால் ஐந்து மணிக்கே இறக்கத் தொடங்குகிறோம். சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, இடுப்பைக் கைலியால் நாற்காலியோடு சேர்த்துக் கட்டி, முன்னால் இருவர், பின்னால் இருவர். ஊசி ஏற்றுவதற்காக இடக்கையில் அறுவை செய்து ரத்தக்குழாயை இணைத்திருக்கிறார்கள். அந்தக் கையைப் பிடிக்கவும் கூடாது, அழுத்தவும் கூடாது. படி திரும்பும் இடங்கள் குறுகல். அங்கே சுவரில் உரசிவிடாமலிருக்க, அவருடைய மகள் தன் உள்ளங்கையைச் சுவருக்கும் அம்மாவின் கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டே இறங்குகிறாள். அவளுடைய புறங்கை முழுக்கச் சிராய்ப்பு. ஒன்பதாம் மாடிக்கும் எட்டாம் மாடிக்கும் இடையில் விளக்கும் கிடையாது.

இறக்குவதாவது பரவாயில்லை. சுத்திகரிப்பு முடிந்து வரும்போது அவருக்கு ரத்த அழுத்தம் இறங்கியிருக்கும், தலை சுற்றும், உடனே படுக்க வேண்டும். ஆனால் தூக்குகிற பையன்கள் அந்நேரம் வேலையில் இருப்பார்கள். ஆள் சேரும் வரை அஞ்சல் பெட்டிகளுக்குப் பக்கத்தில் சாய்ந்து கிடப்பார். சில நாட்களில் மாலைத் தொழிற்சாலை பஸ் வந்த பிறகுதான் வீடு. போன மாதம் படியிலேயே நாற்காலியின் கால் ஒடிந்தது. நல்லவேளை, இரண்டாம் மாடி. அன்று அந்த அம்மா, “இனி நான் போகவில்லை, என்னை விட்டுவிடுங்கள்” என்றார். போகாவிட்டால் என்ன ஆகும் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. தங்கள் புகார் படிவத்தில் ‘பழுதின் வகை’ என்று ஒரு கட்டம் இருக்கிறது, ஐயா. இதை அந்தக் கட்டத்தில் எப்படி எழுதுவது?

4. எரிவாயு உருளை கொண்டுவருபவர் நான்காம் மாடிக்கு மேல் வருவதில்லை. நிறைந்த உருளையில் எரிவாயு மட்டும் 14 கிலோ. அவரையும் குறை சொல்ல முடியாது.

5. எங்கள் நடைகூடத்தில் நின்றால் கொடிமலை (பினாங்கு மலை) ரயில் தெரிகிறது. 1923 முதல் மலைக்கு மனிதர்களை ஏற்றி இறக்கும் ரயில். பழையதாகிவிட்டது என்று மாற்றி, 2011-ல் புதிய பெட்டிகளோடு திறந்தார்கள். சுற்றுப்பயணிகள் சில நிமிடங்களில் உச்சிக்குப் போய்விடுகிறார்கள். போதாது என்று கேபிள் காரும் வருகிறது. இலகு ரயிலும் வருகிறது. வரட்டும், எங்கள் பிள்ளைகளும் அதில் போவார்கள். 1972-ல் பாயான் லெப்பாசில் தடையற்ற வர்த்தக மண்டலம் தொடங்கியது முதல் இந்தத் தீவு எவ்வளவோ வளர்ந்துவிட்டது. அந்த வளர்ச்சிக்கு இரவு பகலாக மின்னணுச் சில்லுகளைச் சோதித்துக் கொடுத்தவர்களில் எங்கள் புளோக் பெண்களும் உண்டு. அவர்கள் கேட்பது மலை உச்சி அல்ல, பதின்மூன்றாம் மாடி.

6. இது கோரிக்கையோடு நேரடியாகச் சேராது என்று தாங்கள் நினைக்கலாம், ஆனாலும் எழுதுகிறோம். 1951-ல் மலாயாவிலேயே முதலாவதாக நகராண்மைக் கழகத் தேர்தல் நடந்தது இதே ஜார்ஜ்டவுனில். 1957-ல் மாநகரமான இந்த ஊரின் தொடக்கக் கால மேயர்களில் ஒருவர் டி.எஸ். இராமநாதன். 1965-ல் இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி ஊராட்சித் தேர்தலை நிறுத்தினார்கள். மோதல் மறு ஆண்டே ஓய்ந்தது, தேர்தல் திரும்பவில்லை. மீண்டும் நடத்தலாம் என்று செனட்டர் அத்தி நாகப்பன் தலைமையிலான அரச ஆணையம் பரிந்துரைத்தும், 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் கதவைச் சாத்திவிட்டது. 2012-ல் பினாங்குச் சட்டமன்றம் தனிச் சட்டம் இயற்றி அதைத் திறக்கப் பார்த்தது. 2014-ல் கூட்டரசு நீதிமன்றத்தில் அந்தச் சட்டம் நிற்கவில்லை. இதையெல்லாம் தாங்கள் மாற்ற முடியாது. ஆனால் இன்று மாநகர் மன்ற உறுப்பினர் நியமனத்தில் வருகிறார், தாங்கள் பணியில் வருகிறீர்கள். மின்தூக்கி ஓடவில்லை என்பதற்காக நாங்கள் யாரையும் வாக்குப் போட்டு வீட்டுக்கு அனுப்ப முடியாது. எங்கள் கையில் இருப்பது இந்தக் காகிதம் மட்டும். அதற்கும் பதில் இல்லையென்றால் நாங்கள் எங்கே போவது? சட்டமன்றத் தேர்தல் நேரத்தில் வந்தவர்கள் பதினைந்து மாடியும் ஏறிக் கும்பிட்டார்கள். அப்போது மின்தூக்கி ஓடியது என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

7. மின்தூக்கி வேண்டும், ஐயா.

வேகமாக எழுதிவிட்ட சொற்கள் இருந்தால் பொறுத்தருள வேண்டும். தங்கள் மேல் எங்களுக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் இல்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் சரிசெய்ய இயலாது என்றால் ஒன்றையாவது முதலில் ஓடவையுங்கள். அதுவரை காலையிலும் பிற்பகலிலும் அந்த அம்மாவைத் தூக்க, முறையான தூக்கு நாற்காலியும் இரண்டு ஆட்களும் ஏற்பாடு செய்து தாருங்கள். படிக்கட்டு விளக்கை இந்த வாரமே போட்டுவிடலாம். அதற்கு எந்த நிதியின் ஒப்புதலும் தேவைப்படாது. எங்கள் 80 விழுக்காட்டு விண்ணப்பம் யார் மேசையில் இருக்கிறது என்பதை எழுத்து மூலம் தெரிவியுங்கள். முடியாது என்பதுதான் பதில் என்றால் அதையும் எழுதித் தாருங்கள்.

மின்தூக்கியைச் சரிசெய்து தருமாறு மீண்டும் கேட்டுக்கொள்கிறோம். அடுத்த முறை தாங்கள் வரும்போது காலை ஐந்து மணிக்கு, பதின்மூன்றாம் மாடிக்கு வாருங்கள்.

இப்படிக்கு,
பி புளோக் குடியிருப்பாளர்கள்

இணைப்பு: முந்தைய மனுக்களின் முத்திரையிட்ட நகல்கள், 20 விழுக்காட்டுத் தொகைக்கான ரசீதுகள், ஒடிந்த நாற்காலியின் படம்.