செத்ததுக்கு அப்புறம் வந்து பாத்தவங்களுக்கு ஒரு நன்றி மடல்

நோயில விழுந்த ஆடு மாட்ட எழுப்பி நிறுத்துற டாக்டருங்களுக்கு எல்லாரும் நன்றி சொல்லிடுவோம், எந்திரிச்சு நிக்கிற மாடே கண்ணு முன்னாடி இருக்குல்ல. ஆனா உசுரு போனதுக்கு அப்புறம் வந்து, நாத்தத்துல உக்காந்து, வயித்த கீறி, ஏன் செத்துச்சுன்னு தேடுறவங்க இருக்காங்க. அவங்களுக்கு யாரும் மடல் எழுதி நான் பாத்ததில்ல, அதான் இத எழுதுறேன்.

எங்க பட்டியில குட்டிங்க திடீர்னு சாக ஆரம்பிச்சுது. அதுலயும் நோஞ்சான் குட்டி எல்லாம் நல்லா இருக்கு, கொழுகொழுன்னு வளந்தது, மழைக்கு அப்புறம் தளதளன்னு வந்த புல்ல வயிறு முட்ட மேஞ்சது, அதுங்க தான் சாயங்காலம் வரைக்கும் ஓடியாடிட்டு காலைல பாத்தா கால நீட்டிட்டு கிடக்கு. ஒண்ணு எங்க கண்ணு முன்னாடியே துள்ளி விழுந்து இழுத்து இழுத்து உசுர விட்டுச்சு. ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க, பாம்புன்னாங்க, எவனோ விஷம் வெச்சுட்டான்னாங்க. விஷம்னு ஒரு பேச்சு கிளம்பிட்டா அது ஆட்டோட நிக்காதுங்க, அக்கம்பக்கத்துல மொகம் பாக்க முடியாம போயிடும்.

டாக்டரம்மா வந்தாங்க, வந்த உடனே கத்திய எடுக்கல. மூக்கு வாய் ஆசனவாய்னு ரத்தம் கசிஞ்சிருக்கான்னு பாத்தாங்க, அப்புறம் காது நரம்புல இருந்து ஒரு சொட்டு ரத்தத்த ஸ்லைடுல தடவி மைக்ராஸ்கோப்ல பாத்துட்டு தான் மத்ததெல்லாம். ஏன்னு கேட்டதுக்கு, அடைப்பானா இருந்தா, அதாவது ஆந்த்ராக்ஸா இருந்தா, உடம்ப திறக்கவே கூடாதாம், திறந்தா அந்த கிருமி காத்து பட்டு ஸ்போரா, அதாவது லேசுல சாகாத விதை மாதிரி மாறி வருஷக்கணக்கா, சில எடத்துல பல பத்து வருஷம் கூட, மண்ணுலயே கிடக்குமாம், அடுத்து அங்க மேயுற ஆடு மாட்டுக்கும் வரும், அறுத்தவங்களுக்கும் வரும். இது தெரியாம நம்மள்ல எத்தன பேர் நாமளே கீறிப் பாக்குறோம்!

அது இல்லன்னு ஆனதுக்கு அப்புறம் தான் கீறினாங்க. இதயத்த சுத்தி இருக்கிற பையில வைக்கோல் நிறத்துல தண்ணி, அதுல ஜெல்லி மாதிரி கட்டி. கிட்னி தொட்டா கூழா போகுது. மூத்திரப்பையில இருந்தத ஸ்ட்ரிப்ல தொட்டுப் பாத்தா சர்க்கரை. எனக்கு அப்பவே முடிவு தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு, ஆனா அவங்க சொல்லல, செத்து நேரமானா எந்த கிட்னியும் இளகும், அத மட்டும் வெச்சு சொல்ல முடியாதுன்னு, சிறுகுடல்ல ஒரு துண்ட ரெண்டு பக்கமும் நூலால கட்டி ஐஸ்ல போட்டு லேப்புக்கு அனுப்பினாங்க. அங்க டாக்ஸின், அதாவது கிருமி கக்குற விஷம், இருக்குன்னு உறுதியாச்சு. நோயோட பேரு துள்ளுமாரி.

அதோட கிருமி க்ளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ், டைப் டி. நல்லா இருக்கிற ஆட்டு குடல்லயே கொஞ்சமா இருக்குமாம், சும்மா கிடக்கும். தீனி திடீர்னு மாறி, தானியமோ இளம் புல்லோ அளவுக்கு மீறி உள்ள போனா ஒரேயடியா பெருகி விஷத்த கக்கும், அது ரத்தத்துல ஏறி மூளை வரைக்கும் போயிடும். நல்லா தின்ன குட்டியே மொதல்ல போறது அதனால தான். அதுக்கப்புறம் புல்ல கட்டுப்படுத்தி காஞ்ச தீவனத்த முன்னாடி குடுத்து, எல்லாத்துக்கும் தடுப்பூசி போட்டு, பூஸ்டரும் போட்டோம். சாவு நின்னுச்சு. விஷம்ங்கிற பேச்சும் நின்னுச்சு, எனக்கு இது முதலாவத விட பெரிய நிம்மதி.

டாக்டரம்மா கூட வந்த அண்ணனுக்கும் சொல்லணும். குழிய ஆழமா வெட்ட வெச்சு, சுண்ணாம்பு தூவி மூடி, கத்தி கையுறை எல்லாத்தையும் சுத்தம் பண்ணி முடிக்கிற வரைக்கும் ஒரு வாய் தண்ணி குடிக்கல. ரொம்ப நன்றி அண்ணா.

இந்த வேலைய பத்தி தேடித் தேடிப் படிச்சப்ப தான் இதுக்கு எவ்வளவு பெரிய வரலாறு இருக்குன்னு புரிஞ்சுது. 1920கள்ல கனடாவுல மாடுங்க கொம்பு அறுத்தாலே ரத்தம் நிக்காம செத்துச்சாம். ஃப்ராங்க் ஸ்கோஃபீல்டுன்னு ஒரு கால்நடை நோயியல் ஆளு, தொத்து நோயா இருக்கும்னு சொல்லிட்டுப் போகாம, தின்ன தீவனத்த சந்தேகப்பட்டு, ஸ்வீட் க்ளோவர்ங்கிற பயிர்ல நல்லத கொஞ்சம் முயலுக்கும் பூஞ்சை புடிச்சத கொஞ்சம் முயலுக்கும் குடுத்துப் பாத்தாரு, பூஞ்சை புடிச்சத தின்னதுக்கு தான் ரத்தம் கொட்டுச்சு. அந்த நூல புடிச்சுப் போய் கார்ல் லிங்க்னு ஒரு கெமிஸ்ட்டோட லேப்ல அந்தப் பொருளையே பிரிச்சு எடுத்தாங்க, அதுல இருந்து வந்தது தான் வார்ஃபரின், இன்னைக்கு ரத்தம் உறையாம இருக்க மனுஷங்க சாப்பிடுற மாத்திரை. மாடு செத்த காரணத்த ஒருத்தர் விடாம கேட்டதால மனுஷ இதயத்துக்கு மருந்து!

பிணந்தின்னி கழுகு விஷயம் இன்னும் நெருக்கம். தெற்காசியாவுல அதுல மூணு இனம் 95 சதவீதத்துக்கு மேல அழிஞ்சு போச்சு, ஏன்னே புரியல. லிண்ட்சே ஓக்ஸ்னு ஒரு கால்நடை மருத்துவர் குழுவோட பாகிஸ்தான்ல செத்த கழுகுங்கள திறந்து பாத்தா உறுப்பு மேல எல்லாம் வெள்ளையா யூரிக் ஆசிட் படிஞ்சிருக்கு, கிட்னி போயிருக்கு. வைரஸ், பூச்சிமருந்து, உலோகம்னு ஒண்ணொண்ணா தேடி எதுவும் இல்லன்னு ஆனப்புறம், அதுங்க தின்ன மாட்டுக்கு என்ன ஊசி போட்டாங்கன்னு கேட்டாங்க பாருங்க, அங்க தான் புடிபட்டுச்சு, டைக்ளோஃபெனாக்ங்கிற வலி மருந்து. 2004ல வெளியிட்டாங்க, 2006ல இந்தியா, பாகிஸ்தான், நேபாளம்னு கால்நடைக்கு அத தடை பண்ணாங்க, மாட்டுக்கும் வலி தீரணுமேன்னு கழுகுக்கு கெடுதல் பண்ணாத மெலாக்ஸிகாம்னு மாத்து மருந்தையும் சோதிச்சு காட்டினாங்க. இது வேணாம்னு சொல்றதோட நிக்காம எத போடலாம்னும் சொன்னாங்கல்ல, அதுக்கு தனியா ஒரு கும்பிடு.

மாடுங்கள கூட்டம் கூட்டமா கொன்ன வெக்கை நோய் 2011ல உலகத்துலயே இல்லன்னு அறிவிச்சாங்க, பெரியம்மைக்கு அப்புறம் பூண்டோட அழிச்ச ரெண்டாவது நோய் அது. அதோட பங்காளி வைரஸ் தான் ஆட்டுக்கொல்லி, அதையும் 2030க்குள்ள ஒழிக்கணும்னு குறிக்கோள் வெச்சு தடுப்பூசி போட்டுட்டு வர்றாங்க. ஊசி போட வர்றவங்கள ஆடு அடைக்கலன்னு திருப்பி அனுப்பாதீங்கப்பா, ப்ளீஸ். அதே மாதிரி திடீர்னு ஒண்ணு செத்தா நீங்களா கீறாதீங்க, தோல உரிக்காதீங்க, நாய் இழுக்காம பாத்துக்கிட்டு உடனே சொல்லி அனுப்புங்க, நேரம் ஆக ஆக அவங்களுக்கு கிடைக்கிற தடயம் அழிஞ்சுட்டே இருக்கும்.

கடைசியா லேப்ல இருக்கிறவங்களே, உங்க மொகம் எனக்கு தெரியாது. கட்டின குடல் துண்டும் ஒரு நம்பரும் தான் உங்ககிட்ட வந்திருக்கும், அது எந்த பட்டி, யாரோட ஆடுன்னு கூட உங்களுக்கு தெரிஞ்சிருக்காது. அந்த நம்பருக்குப் பின்னாடி இருந்த மிச்ச குட்டி எல்லாம் நல்லா இருக்கு, பூஸ்டரும் போட்டாச்சு. ரொம்ப ரொம்ப நன்றிங்க.

இப்படிக்கு,
ஆடு வளக்கிற ஒருத்தன்