டிரஃபால்கர் சதுக்கத்திலிருந்து

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மா ஊன்றுகோல் இல்லாமல் வாசல்வரை நடக்கிறார்கள் என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. இங்கே நான் சௌக்கியம்.

உங்கள் சபையில் மத்தியான நேரம் கேட்டைப் பூட்டுவது பற்றிப் பேச்சு நடப்பதாக எழுதியிருந்தாய். வராந்தாவில் ஆட்கள் வந்து படுத்துவிடுகிறார்கள் என்பதுதானே காரணம்? அதைப் படித்ததிலிருந்து உனக்கு ஒன்று சொல்ல வேண்டும் என்று இருக்கிறது.

நவம்பரில் செயின்ட் மார்ட்டின்-இன்-த-ஃபீல்ட்ஸ் கோவிலுக்குப் போயிருந்தேன். லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்து ஓரத்தில் இருப்பது. ஜேம்ஸ் கிப்ஸ் வரைந்து 1726-இல் முடித்த கட்டடம். தூண் வரிசை, அதற்கு மேலே கோபுரம். முதல் தடவை பார்த்தபோது நம் சென்னை எழும்பூர் ஆண்ட்ரூஸ் கர்க் தேவாலயத்துக்கு முன்னால்தான் நிற்கிறோமோ என்று தோன்றியது. 1821-இல் திறந்த கர்க்குக்கு இதுதான் மாதிரி என்று பிறகு தெரிந்துகொண்டேன். மகளோடு பழகிவிட்டுத் தாயைப் பார்க்க வந்தவள் நான்!

அன்று, லண்டனில் வீடில்லாமல் இறந்துபோனவர்களுக்கான நினைவு ஆராதனை. வருஷா வருஷம் நடத்துகிறார்கள். பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார்கள். சிலருக்கு முதல் பெயர் மட்டும்தான். பக்கத்து வரிசையில் ஒருவர், ஏதோ ஒரு பெயர் வந்ததும் கம்பளித் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். கடைசிவரை அதைத் திரும்பப் போடவில்லை.

1914-இல் இங்கே ஆயராக வந்த டிக் ஷெப்பர்டு, போர்முனைக்குப் போகும் சிப்பாய்கள் ஒதுங்குவதற்குக் கோவிலைத் திறந்துவிட்டாராம். அந்தப் பழக்கம் இன்றும் விட்டுப்போகவில்லை. சைனாடவுன் நடக்கிற தூரம். அதனால் கான்டனீஸ், மாண்டரின் என்ற சீன மொழிகளிலும்கூட ஆராதனை உண்டு.

பீடத்துக்கு மேலிருந்த பழைய வண்ணக் கண்ணாடி இரண்டாம் உலகப் போரில் போய்விட்டது. ஈரானில் பிறந்த கலைஞர் ஷிராசே ஹூஷியாரி 2008-இல் புதுச் சன்னல் செய்து தந்தார். நிறமே கிடையாது. தண்ணீருக்குள் தெரிவதுபோல் கம்பிகள் நெளிந்து, நடுவில் ஒரு நீள்வட்டத்தைச் சுற்றிச் சிலுவையாகின்றன. பெயர்கள் வாசிக்கும்போது அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுதுவிட்டேன்.

பூட்டு வேண்டாம் என்று கமிட்டியில் நீ சொல். அதற்கு முன்னால், அந்த வராந்தாவில் படுக்கிறவர்களிடம் போய்ப் பெயர் கேள். கேட்டுவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி