பேட்டரி டவுன் என்று சொன்னாயே

அன்புள்ள கார்த்திக்கு,

அம்மா எழுதுவது. நான் சுகம். நீயும் கவிதாவும் பாப்பாவும் சுகமாக இருக்க செண்பகவல்லித் தாய் துணை. போனில் சொல்லலாம் என்றால் பாதியிலேயே மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய். கடுதாசி என்றால் வேலை பார்க்கும்போது பக்கத்தில் விரித்து வைத்துக்கொள்ளலாம். அதனால்தான் எழுதுகிறேன்.

தீபாவளிக்கு வராததற்குக் கார் பேட்டரி டவுன் என்று சொன்னாய். சரி. கோவில்பட்டிக்கு ரயிலும் உண்டு, பஸ்ஸும் உண்டு, அந்தப் பேச்சை இப்போது எடுக்கவில்லை. பேட்டரியைப் பற்றி மட்டும் பேசுகிறேன். பேட்டரிக் கடைக் கல்லாவில் உட்கார்ந்து உங்களை வளர்த்தவள் நான்.

முதலில் அது நிஜமாகவே டவுன்தானா என்று பார். சாவியைத் திருப்பினால் என்ன சத்தம் வருகிறது? டிக் டிக் டிக் என்று அடித்து, மீட்டர் லைட்டும் மங்கினால் பேட்டரியில் தெம்பு இல்லை. லைட்டெல்லாம் பளிச்சென்று எரிந்து, ஒரே ஒரு டக்கோடு நின்றுவிட்டால் செல்ஃப் மோட்டாரைத்தான் சந்தேகப்பட வேண்டும். ரிமோட்டில் கதவு திறக்காவிட்டால் பதறாதே, அதற்குள்ளேயே ஒரு சாவி செருகியிருக்கும். பானெட்டைத் திறந்ததும் டெர்மினலைக் கையால் ஆட்டிப் பார். பாதிப் பேருக்கு அங்கேதான் கோளாறு. பேட்டரியைத் தலையில் தூக்கிக்கொண்டு கடைக்கு வருவார்கள். அப்பா டெர்மினலைச் சுரண்டிக் கொடுத்து, கிளாம்பை இறுக்கச் சொல்லிக் காசு வாங்காமல் அனுப்பிவிடுவார். எனக்கு அப்போது பற்றிக்கொண்டு வரும். பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால் சுடுதண்ணீரில் சமையல் சோடாவைக் கரைத்து, பழைய டூத் பிரஷால் தேய். பேட்டரி மூடிக்குள் சோடாத் தண்ணீர் இறங்கிவிடக் கூடாது. துடைத்துக் காயவிட்டு மாட்டிய பிறகு மேலே கொஞ்சம் வாசலின் தடவு.

அப்பாவுடைய வோல்ட் மீட்டர் உன்னிடம்தானே இருக்கிறது? வைத்துப் பார். வண்டி ஓடாமல் கொஞ்ச நேரம் நின்ற பேட்டரியில் 12.6 காட்டினால் முழுசு. 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 11.8-க்குப் போய்விட்டால் உள்ளே ஒன்றும் இல்லை.

அந்த பேட்டரி மாற்றியது பாப்பா எல்கேஜி சேர்ந்த வருஷம். மெட்ராஸ் வெயிலுக்கு மூன்று நான்கு வருஷம் ஓடினாலே பெரிது, அதனால் வயதானது என்று வைத்துக்கொள்வோம். அது 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரி, முழுசாக ஏறினால் அவ்வளவு கரன்ட் பிடிக்கும். வண்டி சும்மா நிற்கும்போதும் கடிகாரம், லாக், உள்ளே இருக்கிற கம்ப்யூட்டர் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டேதான் இருக்கும். 30 மில்லி ஆம்பியர் என்று வைத்தாலும் ஒரு நாளைக்கு முக்கால் ஆம்பியர்-ஹவர் சுமார். ஒரு மாதத்துக்கு 21, 22. வயதான பேட்டரி அதற்கே படுத்துவிடும். ஆனால் ஒரு மாதத்துக்குக் கிட்டே வண்டி அசையாமல் நின்றிருக்க வேண்டும். நாலு நாள் நின்றதற்கெல்லாம் படுக்காது. ஹெட்லைட்டை அணைக்காமல் விட்டால் ஒரே ராத்திரியில் படுக்கும், ஆனால் நீ அப்படி விடுகிறவன் இல்லை. நீயோ ஆபீஸுக்குக் கம்பெனி பஸ்ஸில் போகிறவன். காரை எடுப்பது கவிதாதான். காலையில் பாப்பாவை ஸ்கூலில் விட, சாயங்காலம் கூட்டி வர. தினமும் ஓடுகிற வண்டி.

கணக்கு உதைக்கிறது, கார்த்தி.

சரி, நான் ஒன்றும் கேட்கவில்லை. பேட்டரிக்குள் இருக்கிற ஆறு செல்லில் ஒன்று திடீரென்று போய்விட்டாலும் வண்டி நின்றுவிடும். அப்படியும் இருக்கலாம். அப்படியே இருக்கட்டும்.

இன்னொரு வண்டி பேட்டரியிலிருந்து கரன்ட் எடுத்துக் கிளப்ப ஜம்பர் கேபிள் வாங்கு. ஆன்லைனில் மலிவாக வருவது மேலே தடியாகத் தெரியும், ரப்பரை உரித்தால் உள்ளே நூல் போலத்தான் கம்பி இருக்கும். செல்ஃப் அடிக்கும்போது சின்ன காருக்கே நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும், அந்தக் கேபிள் கொதித்துப் போகும். தடிமனான செம்புக் கம்பி என்று கேட்டு வாங்கு. பக்கத்து காரை எதிரே கொண்டு வந்து நிறுத்தச் சொல். இரண்டு வண்டியும் ஒன்றையொன்று தொடக் கூடாது. இரண்டும் ஆஃப், ஹேண்ட் பிரேக் போட்டு, கியர் நியூட்ரலில். சிவப்பு ஒயரை முதலில் உன் பேட்டரி பிளஸ்ஸில் மாட்டு, அதன் மறுமுனையை அந்த வண்டி பிளஸ்ஸில். கறுப்பை அந்த வண்டி மைனஸில் மாட்டு. கறுப்பின் கடைசி முனையை உன் பேட்டரி மைனஸில் மாட்டாதே. உன் எஞ்சினில் பெயின்ட் இல்லாத கெட்டி இரும்பு ஒன்றைப் பார்த்து, பேட்டரிக்குத் தள்ளி மாட்டு. கடைசி முனையை வைக்கும்போது பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் கசியும், பொறி அதன்மேல் பட்டால் வெடிக்கும், ஆசிட் முகத்தில் அடிக்கும். கடையில் பெரிய பையன் கண்ணாடி போடாமல் நின்றதற்கு அப்பா அறைந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். பேட்டரி வீங்கியிருந்தாலோ கீறல் விட்டு ஒழுகினாலோ ஜம்ப் பண்ணவே வேண்டாம், மாற்றிவிடு. லாரிக்காரன் உதவுகிறேன் என்றாலும் வேண்டாம், அது 24 வோல்ட்.

அந்த வண்டியை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிஷம் ஓடவிட்டு, அப்புறம் உன்னுடையதைத் திருப்பு. கிளம்பியதும் மாட்டியதற்குத் தலைகீழாகக் கழற்று. கறுப்பின் கடைசி முனை பேட்டரியில் வேண்டாம் என்று சொன்னேனே, மறந்துவிடாதே.

தொடங்கும் முன் மோதிரத்தைக் கழற்றி வை. பிளஸ்ஸுக்கும் பாடிக்கும் நடுவில் மோதிரம் பட்டால் ஒரு நொடியில் பழுத்துவிடும், விரலோடு. அப்பா கடைக்குள் வந்ததும் கல்யாண மோதிரத்தைக் காலண்டர் ஆணியில் மாட்டுவார். அதற்கப்புறம்தான் ஸ்பானரைத் தொடுவார். ராத்திரி ஷட்டரை இறக்கும் முன் எடுத்துப் போட்டுக்கொள்வார். எவ்வளவு கோபத்தில் இருந்தாலும், என்னோடு பேச்சுவார்த்தையே இல்லாத நாளிலும், ஆணியில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்ததில்லை. நீயும் வேலை முடிந்ததும் போட்டுக்கொள். இப்போதெல்லாம் நீ வீடியோவில் வருவதில்லை, கேட்டால் நெட் சரியில்லை என்கிறாய்.

பக்கத்து வீட்டில் கேட்கக் கூச்சப்படாதே. உனக்கு அது வராது, எனக்குத் தெரியும். உன் தாத்தா காலத்து அம்பாசடரில் பேட்டரி போனால் முன்னால் ஹேண்டிலைச் சொருகி ஒற்றை ஆளாகச் சுற்றிக் கிளப்பிவிடலாம். கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துப் பிடிக்கணும், இல்லாவிட்டால் எஞ்சின் திருப்பி உதைத்து விரலை ஒடித்துவிடும். இப்போது வருகிற காரில் ஹேண்டிலுக்கு ஓட்டையே கிடையாது. தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம், உன்னுடையது கியர் வண்டிதான். ஆனால் பேஸ்மென்டிலிருந்து மேலே ஏற்ற முடியாது. தள்ள இரண்டு பேர் வேண்டும், உள்ளே கிளட்சைப் பிடிக்க ஒருத்தர் வேண்டும். எஞ்சின் ஓடாதபோது ஸ்டியரிங் கல்லாக இருக்கும், பிரேக்கும் லேசில் பிடிக்காது. தனியாக எதுவும் முயற்சி பண்ணாதே. யாரையாவது கேள்.

அப்பாவும் இப்படித்தான். கடன் கழுத்துக்கு வந்ததை, கடன்காரர் திண்ணையில் வந்து உட்கார்ந்த பிறகுதான் நான் தெரிந்துகொண்டேன். முன்னாலேயே சொல்லியிருந்தால் நகையைக் கொடுத்திருப்பேன், கடையில் பாதியாவது மிஞ்சியிருக்கும். அந்த விஷயத்தில் மட்டும் அவரைப் போல் ஆகிவிடாதே என்று உன்னைப் படிக்கிற காலத்திலேயே சொல்லியிருக்கிறேன்.

மூன்றாம் வகுப்பு படிக்கும்போதே பேட்டரி ஆசிட்டை ஹைட்ரோமீட்டரில் உறிஞ்சி, மிதவை 1260-ல் நிற்கிறது, இது 1180, இதைச் சார்ஜில் போடணும் என்று நீ சொல்வாய். கடைப் பையன்கள் வாயைப் பிளப்பார்கள். வருகிற கஸ்டமரிடமெல்லாம் அப்பா சொல்லிச் சொல்லி மாய்ந்து போவார். அந்தப் பிள்ளை பேட்டரி டவுன் என்று கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறான் என்றால் எனக்கு நம்பிக்கை வருமா?

டவுன் ஆன பேட்டரியை அப்படியே போட்டு வைக்கவே கூடாது. உள்ளே இருக்கிற ஈயத் தட்டில் சல்பேட் படிந்து கெட்டிப்பட்டுவிடும். இன்றைக்குச் சார்ஜ் போட்டால் ஏறும். இன்னும் ஒரு மாதம் கழித்துப் போட்டால் ஏறுமோ ஏறாதோ. சீக்கிரம் பார் என்று சொல்வது இதற்காகத்தான்.

மழை வேறு. பெருமழை என்று டிவியில் சொன்னாலே வேளச்சேரி பாலத்தின் மேல் ஜனங்கள் காரை வரிசையாகக் கொண்டு போய் நிறுத்துகிறார்கள். உங்கள் பள்ளிக்கரணையில் பேஸ்மென்டில் தண்ணீர் ஏறினால் ஸ்டார்ட் ஆகாத வண்டியை எப்படி வெளியே எடுப்பாய்? வண்டிக்கு இன்னும் தவணை கட்டி முடியவில்லை.

கிளம்பிய பிறகு உடனே அணைத்துவிடாதே. பேஸ்மென்டிலேயே ஓடவிட்டுக்கொண்டு நிற்காதே, புகை ஆளைக் கொல்லும். ஏசி போடாமல் ரேடியல் ரோட்டில் துரைப்பாக்கம் வரை போய்வா, அரை மணி நேரத்துக்குக் குறையாமல். ஓடும்போது மீட்டர் 14 பக்கம் காட்டினால் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறது. அதோடு விட்டுவிடாதே. அரை மணி ஓட்டத்தில் முழுசாக ஏறாது. கடையில் கொடுத்து மூன்றரை ஆம்பியரில் ராத்திரி முழுக்க மெதுவாக ஏற்றச் சொல். அவசரமாக ஏற்றினால் சூடாகித் தட்டு வளைந்துவிடும். மறுநாள் காலையிலும் படுத்துவிட்டால் புதுசு வாங்கு. பழையதைச் சும்மா கொடுக்காதே, ஈயத்துக்கு விலை உண்டு, கழித்துக்கொள்வார்கள். வாரன்டி கார்டில் தேதி போட்டு முத்திரை குத்தி வாங்கு. கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில்.

மேல வீட்டு அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. முறுக்கு சுட்டேன். பாப்பாவுக்கு என்று உப்பு குறைத்துத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். கவிதாவுக்கு இரண்டு தடவை போன் போட்டேன், மணி அடித்தது. வேலையாக இருந்திருப்பாள். திருப்பிக் கூப்பிடாத பெண் இல்லை அவள்.

வெள்ளிக்கிழமை ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸில் கிளம்புகிறேன். டிக்கெட் போட்டாகிவிட்டது, வராதே என்று சொல்ல வேண்டாம். அப்பாவுடைய ஹைட்ரோமீட்டரையும் முறுக்கையும் கடலைமிட்டாயையும் கொண்டு வருகிறேன். டிக்கெட் தாம்பரம் வரைக்கும் எடுத்திருக்கிறேன். ஆனால் வண்டி அதற்கு முன்னாலேயே செங்கல்பட்டில் நிற்கும், சம்பந்தி வீடு ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ தூரம்தான். நான் எங்கே இறங்க வேண்டும் என்பதை மட்டும் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடு.

இப்படிக்கு,
அம்மா